செல்கிர்க் பானக்: மூன்றாவது தடவைதான் வெந்தது

ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து டுவீட்பேங்க் வரை ரயில், அங்கிருந்து பஸ். மேட்டின் மேல் இருக்கும் சின்ன ஊர் செல்கிர்க். ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான் போனோம். திரும்பும்போது கையில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு பன் இருந்தது. மேலே பளபளவென்று பழுப்பு நிறம், வெட்டினால் உள்ளே அடிக்கு அடி திராட்சை. பெயர் செல்கிர்க் பானக். போனில் அம்மாவிடம் சொன்னேன். "பானகமா? ராமநவமி இன்னும் வரலையேடி" என்றாள்.

1859இல் ராபி டக்ளஸ் என்பவர் அந்த ஊர்ச் சந்தைத் திடலில் ரொட்டிக்கடை வைத்து இதைப் பிரபலமாக்கினார். 1867இல் விக்டோரியா மகாராணி, பக்கத்திலுள்ள அபாட்ஸ்ஃபோர்டுக்கு, அதாவது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வாழ்ந்த வீட்டுக்கு, வந்தபோது மேஜையில் இருந்த மற்ற பலகாரங்களையெல்லாம் விட்டுவிட்டு டீயோடு பானக்கில் ஒரு துண்டு மட்டும் சாப்பிட்டாராம். அந்த ஊரில் விடாமல் சொல்லும் கதை இது. எங்கள் வீட்டில் மேஜையில் வேறு எதுவும் இல்லை, ஆனாலும் இரண்டே நாளில் பானக் காலி. இதற்காக ஒவ்வொரு தடவையும் ரயிலேற முடியுமா? வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் தடவை என் அதிகப்பிரசங்கித்தனம். திராட்சையைச் சூடான டீயில் ஊறவைத்தேன். அது வேறொரு கேக்கின் பக்குவம், இதற்கு வேண்டியதே இல்லை. சரியாக வடிகட்டாமல், ஆரம்பத்திலேயே மாவோடு சேர்த்துப் பிசைந்தும் விட்டேன். பத்து நிமிடம் பிசைந்ததில் பாதித் திராட்சை நசுங்கி, மாவெல்லாம் பழுப்புக் கோடு. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த மாவு எப்படியும் மெதுவாகத்தான் உப்பும். அதன்மேல் நசுங்கிய பழத்தின் இனிப்பும் அத்தனை கனமும் சேர்ந்தால் ஈஸ்ட் என்ன செய்யும்? வெந்து வந்தது தட்டையாக, ஈரமாக இருந்தது. ஸ்பூனால் சாப்பிட்டோம்.

இரண்டாவது தடவை பழத்தைத் தனியாக வைத்துவிட்டு மாவை மட்டும் பிசைந்தேன். ஆனால் அது ஜனவரி மாதம், பழைய கல் கட்டடம், சமையலறையில் பதினைந்து டிகிரி. ஒன்றரை மணி நேரம் கழித்துத் துணியைத் தூக்கிப் பார்த்தால் வைத்தபடியே இருக்கிறது. பொறுமை போய்விட்டது. பழத்தைக் கலந்து, ஓவனை 220இல் வைத்து உள்ளே தள்ளினேன். அரை மணியில் புகை வாசம். மேலே கரி, உள்ளே களி.

வாசம் கீழ்வீடு வரை போயிருக்கும் போல. அங்கே எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். மறுநாள் படிக்கட்டில் பார்த்தபோது நடந்ததைச் சொன்னேன். "மாவை எங்கே வைத்தீர்கள்? பாய்லர் அலமாரியில் வைக்கவில்லையா?" என்று கேட்டார். வெந்நீர் பாய்லர் இருப்பதால் கதகதப்பாக இருக்கும் அலமாரி அது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பல வருடமாகக் குளிர்காலம் முழுக்கத் தோசை மாவை ஓவனுக்குள் வைத்து, உள்ளே விளக்கை மட்டும் போட்டுப் பொங்க வைக்கிறவள் நான். பானக் மாவு மட்டும் ஜன்னலோரம் குளிரில் நின்றிருக்கிறது.

மூன்றாவது தடவை செய்ததை அளவோடு சொல்கிறேன். ரொட்டி மாவு 500 கிராம். மைதா வேண்டாம், இவ்வளவு பழத்தைத் தாங்க அதற்குப் பலம் போதாது. சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 75 கிராம், ஈஸ்ட் ஒரு பாக்கெட், அதாவது 7 கிராம், உப்பு அரை டீஸ்பூன், பால் 275 மில்லி. வெண்ணெயைப் பாலில் உருக்கி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் வரை ஆறவிட்டுச் சேர்த்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பிசைந்து முடித்து, தோசை மாவு வைக்கும் அதே இடத்தில் வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்கு.

அதற்குப் பிறகுதான் சுல்தானா 400 கிராம். நம் பாயசத்தில் போடும் கிஸ்மிஸின் கொழுத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு எடைக்குக் கிட்டத்தட்ட சமமாகப் பழமா என்று கை கூசும். குறைக்காதீர்கள், குறைத்தால் அது வெறும் இனிப்பு ரொட்டி. மாவைப் பரப்பி, பழத்தைத் தூவி, மடித்து மடித்து மென்மையாகச் சேர்த்தேன். ஒரே பெரிய உருண்டையாக்கி, லேசாக அமுக்கித் தட்டில் வைத்தேன். மேலே துருத்திக்கொண்டிருந்த திராட்சையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடிப்பக்கம் செருகினேன். முதலில் கருகிக் கசப்பது அதுதான். மறுபடி ஒரு மணி நேரம் உப்பவிட்டு, பால் தடவி, 180 டிகிரியில் 25 நிமிடம். அப்புறம் அலுமினியத் தாளால் மூடி இன்னொரு 25. கவிழ்த்து அடியில் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை, இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வைத்தேன். அப்போது கேட்டது.

முழுசாக ஆறுவதற்குள் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். எங்கள் வீட்டில் யார் கேட்டார்கள்?

பாட்டிக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போனேன். துண்டின் தடிமனுக்கு வெண்ணெய் தடவி, நிதானமாக மென்று, "பன்றிக் கொழுப்புப் போடவில்லை, இல்லையா?" என்றார். அந்தக் காலத்தில் பாதி வெண்ணெய், பாதி பன்றிக் கொழுப்பாம். இல்லை என்றேன். "தெரிகிறது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டுக்கும் வெண்ணெய் தடவ ஆரம்பித்தார்.