அனுமதிக் கடிதத்தில் ஒரே ஒரு திகதி போடாதீர்கள்

எங்கள் கெம்பஸ் கட்டடங்களைப் போனிலேயே சுற்றிப் பார்க்கும்படி ஒரு வர்ச்சுவல் டூர் செய்து முடித்திருக்கிறேன். படம் எடுக்க இரண்டு காலைப் பொழுதுகள் போதுமாக இருந்தன. அனுமதி வாங்கத்தான் ஏழு வாரம் போனது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னைப் போல அலையக்கூடாது.

முதலாம் வருடம் பதிவுக்கு வந்த அன்று, அம்மாவும் நானும் ஹட்டனிலிருந்து பெட்டியோடு வந்து மண்டபத்தைத் தேடி மூன்று தடவை ஏறி இறங்கினோம். மலைச்சரிவில் கட்டிய வளாகம். ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து நேரே நடந்தால் அடுத்த கட்டடத்தின் வாசல் வரும். வரைபடத்தைப் பார்த்தால் இது விளங்காது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் கூட வரும் பெற்றோருக்கும் அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் தொடங்கினேன்.

விரிவுரையாளர் ஒப்பமிட்ட கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். எந்தெந்தக் கட்டடம் என்று இல்லை என்று எழுதுவினைஞர் திருப்பிவிட்டார். எழுதிக் கொண்டுபோனேன். அடுத்த வாரம், திகதி இல்லை என்றார். ஒரு செவ்வாய்க்கிழமையைப் போட்டேன். முத்திரை விழுந்து வந்தது.

அந்தச் செவ்வாய் விடியும்போதே பனிமூட்டம். கேட்டில் நின்றால் எதிரே இருக்கும் மண்டபம் தெரியவில்லை. பத்து மணிக்குப் பிறகு மழை. மறுநாள் நல்ல வெயில், ஆனால் "கடிதம் நேற்றோடு முடிஞ்சிருச்சே தம்பி" என்றார் காவலாளி. அவர் மேல் பிழையில்லை. அலுவலகத்தில் திகதியை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். எழுதுவினைஞர் நிமிர்ந்தும் பார்க்காமல், முதலிலிருந்து வரச் சொன்னார். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆகவே கடிதத்தில் "இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை, மழையில்லாத நாட்களில்" என்று எழுதுங்கள். மூன்று வாரமாவது கேளுங்கள், சனி ஞாயிறும் சேரட்டும். ஆட்கள் குறைவு, முகங்கள் படத்தில் விழாது. பாதுகாப்புப் பிரிவுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

அனுமதி கிடைத்த முதல் காலையும் வீணானது. இரவல் வாங்கியது ரிக்கோ தீட்டா, சுற்றியுள்ள எல்லாத் திசையையும் ஒரே படத்தில் எடுக்கும் கெமரா. அதில் முன்னும் பின்னுமாக இரண்டு லென்ஸ், ஆளுக்குப் பாதிப் படம். வெளிக்குளிரில் வைத்திருந்துவிட்டு ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனதும் ஒரு லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. போனின் சின்னத் திரையில் தெரியவில்லை. அறைக்கு வந்து திறந்தால் ஒவ்வொரு படத்திலும் பாதி புகை. உள்ளே போனதும் பத்து நிமிடம் பொறுங்கள், இரண்டு லென்ஸையும் துடையுங்கள், எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பாருங்கள்.

படங்களைக் கோத்து பிரவுசரில் சுற்றிப் பார்க்க வைக்க பானெல்லம் என்ற மென்பொருள் போதும், இலவசம். அதில் ஹொட்ஸ்பொட் டீபக் என்ற அமைப்பைப் போட்டுவிட்டு, அடுத்த காட்சிக்குப் போகும் அம்புக்குறி வேண்டிய இடத்தில் அழுத்தினால், அந்த இடத்தின் கோணங்களை பிரவுசர் கொன்சோலில், அதாவது பிரவுசரின் குறிப்புப் பலகையில், காட்டும். நான் திணறியது திசையில்தான். ஒரு அறையிலிருந்து அடுத்ததற்குப் போனால் பார்வை சுவரில் போய் முட்டியது. ஒவ்வொரு காட்சிக்கும் வடக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் நோர்த் ஓஃப்செட் கொடுத்து, இணைப்பில் பார்க்கும் திசையை அப்படியே வைத்திருக்கும் சேம் அசிமத் போட்ட பிறகு, நடந்துபோகும் திசையிலேயே அடுத்த காட்சி திறந்தது. இரவு ஒரு மணி. எழுந்து நின்று கைதட்டினேன்.

நான் வாங்கிய தீட்டா எடுக்கும் படம் 5376 பிக்சல் அகலம். பழைய போன்கள் பல 4096க்கு மேல் திறப்பதில்லை. தோட்டத்தில் பலரிடம் இருப்பது அந்தப் போன்தான், அதனால் எல்லாவற்றையும் 4096க்குச் சுருக்கினேன்.

வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா கேட்டிலிருந்து மண்டபம்வரை விரலாலேயே போய்விட்டு அழைத்தார். நாங்கள் பெட்டியோடு உட்கார்ந்த படிக்கட்டைக் காணோமாம். உண்மைதான், அதை நான் எடுக்கவில்லை. நூலகத்துக்கான கடிதம் இன்னும் வரவில்லை. அது வரும் நாளில் படிக்கட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும்.