ஏற்காட்டுக்கு முன் கேம்பர் வேன் பராமரிப்பு

மாசி வெயில் ஏறத் தொடங்கியதும், சேலத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கேம்பர் வேனை, அதாவது படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வேனை, ஏற்காட்டுப் பயணத்திற்கு ஆயத்தப்படுத்துவேன். முதலில் கூரை: காற்றுத் திறப்பின் விளிம்பில் நீர் புகாமல் அடைக்கும் பசையான சீலன்ட் மயிரிழையளவு வெடித்திருந்தாலும் அடுத்த மழையில் நீர் இறங்கி உட்பலகையை ஊதவைத்துவிடும் என்பதால், பழையதைச் சுரண்டித் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே புதிதாகப் பூசுவேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும், கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் விரைவில் முடிந்துவிடும். என் பெரும் கவலை பிரேக் ஆயிலைப் பற்றியதுதான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை குறைகிறது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்துடன் இறங்கும்போது சூடேறிக் கொதித்துவிட்டால், மிதி தளர்ந்து பிரேக் பிடிக்காமலே போகலாம். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கட்டாயம் மாற்றுவதுடன், மலையிறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வண்டியை வைத்திருப்பேன்.