தெலுக் இந்தானில் மழை, அத்தை வீட்டில் பல்லாங்குழி

கிள்ளானிலிருந்து தெலுக் இந்தானுக்குக் கிளம்பும்போது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. சனிக்கிழமை காலை பாகான் டத்தோ கடற்கரை, மத்தியானம் பாசிர் சாலாக், சாயங்காலம் பேராக் ஆற்றோரம் ஒரு நடை. ஞாயிறு பசியாறிவிட்டு வீடு. என் கணவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நவம்பர் மாசத்துல வெளியில சுத்துற பட்டியலா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்கு மழை சொன்னது.

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும்தான் நல்ல மழைக்காலம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டுப் போய்விடும். அதை நம்பித்தான் முக்கியமானதையெல்லாம் காலையில் வைத்திருந்தேன். சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைத் தாண்டி வரும் காற்றுமழையை மறந்துவிட்டேன். அது விடிவதற்கு முன்னாலேயே வந்து இறங்கும். எங்களுக்கு அன்றைக்கு இரண்டுமே கிடைத்தன. காலையில் சுமத்ரா மழை, மத்தியானம் வழக்கமான மழை, நடுவில் தூறல்.

தங்கியிருந்த விடுதியின் பெயர் வேண்டாம். ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் இறங்கியது. குளியலறைத் துண்டு இரண்டையும் சுருட்டி அங்கே வைத்தோம். அப்புறம் குளித்துவிட்டு எதால் துடைப்பது என்ற கேள்வி வந்தது. ஒன்பது வயது மகன் மட்டும்தான் அன்று காலை சந்தோஷமாக இருந்தான், குளிக்க வேண்டியதில்லை என்று.

பத்து மணிக்கு மேல் அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சரி, இந்த ஊரில் கூரைக்குக் கீழே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கிளம்பினோம். முதலில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சாய்ந்த கோபுரம்.

இந்தக் கோபுரத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் உள்ளே போனதில்லை. வெயில் நாளில் யாரும் உள்ளே போக நினைப்பதில்லை போலிருக்கிறது. வெளியே நின்று, கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு படம், அதோடு சரி. மழை வந்ததால்தான் எங்களுக்கு வாசல் கண்ணில் பட்டது.

கட்டியது 1885இல், லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகையாளர். உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து எண்ணினால் அடுக்கடுக்கான கூரையோடு எட்டு மாடி. உள்ளே போனால் மூன்றே மூன்று தளம். மகன் இதை ஏமாற்று வேலை என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. நகரத்துக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கவும் மணி காட்டவும் எழுப்பியது இது. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே ஆற்றோரத்து இளகிய மண். பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஊரெல்லாம் இதை மலேசியாவின் பீசா என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பீசாவில் சாய்ந்தது தேவாலயத்து மணிக்கூண்டு, இங்கே சாய்ந்தது ஊருக்குத் தண்ணீர் கொடுத்த கோபுரம். நம்முடையதைச் சொல்லிக்கொள்ள அது போதாதா?

ஈரச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறினோம். சாய்வு கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. ஏறும்போது ஒரு தோள் தானாகச் சுவர்ப் பக்கம் போகிறது. மகன் தன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்து உருளுமா என்று அப்பாவிடம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், பந்தயம் கட்டினான். பாட்டில் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் அரை வட்டம் திரும்பி, மெதுவாக உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. ஒரு வெள்ளி போயிற்று. அதே பாட்டிலை வைத்து இன்னொரு இடத்தில் இன்னொரு வெள்ளியும் போயிற்று. கடிகாரம் அடிக்கும்போது நாங்கள் உள்ளேதான் இருந்தோம். மழைச் சத்தத்துக்கு நடுவில் அந்த மணி மட்டும் வறண்டு கேட்டது. சுவரில் ஊரின் பழைய படங்கள் இருந்தன. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து இந்த ஊருக்கு ரயில் வந்திருக்கிறது. இன்றைக்கு அந்தத் தண்டவாளம் இல்லை. ரயிலில் வந்து இறங்கிய ஊருக்கு நாங்கள் சபாக் பெர்ணம் வழியாக லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்திருந்தோம்.

அங்கேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. வெயில் நாளாக இருந்தால் பத்து நிமிடம் கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்.

கோபுரத்தைச் சுற்றி இருக்கும் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை உண்டு. நாங்கள் அஞ்சடி என்போம். மேல்மாடி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க, அதற்குக் கீழே ஆட்கள் நனையாமல் நடக்கும் வழி. 1822இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் போட்ட நகர விதிகளிலேயே கடைகளுக்கு முன் இப்படித் தாழ்வாரம் விட வேண்டும் என்று இருந்தது. அது அப்படியே மலாயா நகரங்களுக்கும் வந்துவிட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே தீர்வு. இன்றைக்குக் கட்டுகிற பேரங்காடிகளில் காரை விட்டு இறங்கி வாசலுக்கு ஓடுவதற்குள் நனைந்துவிடுகிறோம். இங்கே குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டே பாதி ஊரைச் சுற்றினோம். நடுநடுவே யாரோ மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள், அங்கே மட்டும் தெருவில் இறங்கி ஏற வேண்டியிருந்தது.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊர் சீ சோங் ஃபன்னை மற்ற ஊரில் கிடைப்பதோடு சேர்க்கக் கூடாது. மற்ற இடங்களில் வெறும் அரிசி மாவுச் சுருளை வெட்டி மேலே குழம்பை ஊற்றுவார்கள். இங்கே சுருளுக்குள்ளேயே வதக்கிய சிங்குவாங் கிழங்கும் உலர்ந்த இறாலும் இருக்கும். குழம்பு கிடையாது, புளிக்காடியில் ஊறிய பச்சை மிளகாய் மட்டும். தாபாவ் பண்ணி எடுத்துப் போகலாம் என்று வாங்கி, அஞ்சடியிலேயே நின்று பாதியைத் தின்றுவிட்டோம். மாமாக் கடையில் மீ ரெபுஸும் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது. நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போனபோது நடை சாத்தும் நேரம். சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்காத கோயில் அது. அன்று எங்களைத் தவிர ஒரு பூனைதான். கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அப்புறம்தான் அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. அப்பாவுடைய அக்கா. ஊருக்கு வந்திருப்பதைச் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். யாரோ வாட்ஸ்அப்பில் கோபுரப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

"தெலுக் ஆன்சன் வந்துட்டு ஓட்டல்ல உக்காந்து என்னா பண்றீங்க? மழைய எண்ணிக்கிட்டா? மாப்ளய கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா."

ஊருக்குப் பெயர் மாறியது 1982இல். அத்தைக்கு இன்னும் மாறவில்லை.

அத்தை இப்போது ஊத்தான் மெலிந்தாங் போகிற சாலையில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறார். அதற்கு முன் நாற்பது வருடம் தோட்டம்தான், லயத்து வீடு. சமையல்கட்டை மட்டும் பின்னால் இழுத்து, தகரம் போட்டுக் கட்டியிருக்கிறார். அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. டிவி ஏற்கெனவே கோடுகோடாகி நின்றுவிட்டது. மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் நெத்திலிச் சம்பால். கணவர் கோப்பி ஓ குடித்த கையோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மகன் என் கைப்பேசியைக் கேட்டான். அத்தை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரி மேலிருந்து பல்லாங்குழிப் பலகையையும் துருப்பிடித்த ஒரு மைலோ டின்னையும் இறக்கினார்.

டின்னில் இருந்தவை ரப்பர் கொட்டைகள். பால்மரத்துக் காய் வெயிலில் வெடித்து, பட்டென்று தூரப் போய் விழுமே, அந்தக் கொட்டை. தோட்டத்தில் வளராதவர்களுக்குச் சொல்கிறேன்: புறா முட்டையைவிடச் சின்னது, வழவழப்பு, பழுப்பு நிறத்தில் கரும்புள்ளியும் கோடுமாக, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அத்தை இருந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு வெகுகாலமாகிறது. அதற்கு முன் பொறுக்கி வைத்தவை இவை. கை பட்டுப் பட்டுப் புள்ளியெல்லாம் மங்கியிருந்தன.

ஏழு குழி இந்தப் பக்கம், ஏழு குழி அந்தப் பக்கம். குழிக்கு ஐந்து கொட்டையாக எழுபது போட்டார். மகன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாட்டி, ரூமா எங்கே?"

அவன் பள்ளியில் சொங்காக் ஆடியிருக்கிறான். அதில் இரண்டு முனையிலும் பெரிய குழி இருக்கும், அதுதான் வீடு, ரூமா. சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒன்று போட்டுக்கொண்டே போக வேண்டும். நம் பல்லாங்குழியில் வீடு கிடையாது. எடுத்த காயைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய், கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பது உனக்கு. நடுவில் எந்தக் குழியிலாவது நாலு காய் சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். மகனுக்கு இந்தப் பசுதான் பிரச்சினை. அவன் தன் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், அத்தை இடது கையால் சத்தமில்லாமல் பசுவை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்.

"பாட்டி ஏமாத்துறாங்க!"

"நீ பாக்கல. பாக்காதவனுக்குப் பசு இல்ல."

அவருடைய கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழியைக் குனிந்து பார்ப்பதே இல்லை. நடுவிரல் நுனியால் ஒரு தடவு, எத்தனை காய் என்று தெரிந்துவிடுகிறது. எங்கிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு ஆடியது எப்போது, நேரம் ஏது என்று கேட்டேன். மழை நாளில்தான் என்றார்.

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள், ஆள் கணக்கு எடுப்பார்கள். மரம் நனைந்திருந்தால் அன்று பால் வெட்டு கிடையாது. "கோட்டுல ஓட வேண்டிய பாலு பட்டையில பரவி வழிஞ்சி போயிடும். வெட்டிட்டுத் திரும்புறதுக்குள்ள மழை புடிச்சா இன்னும் மோசம். மங்குல பாதி தண்ணி. பாடும் போச்சு, பாலும் போச்சு." மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். காயுமா காயுமா என்று காத்துக்கிடந்துவிட்டு லயத்துக்குத் திரும்புவார்களாம். வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. தோட்டத் தொழிலாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று சங்கம் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இந்த மழையும் ஒரு காரணம். மூன்று நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் கடைக்காரர் நோட்டில் கணக்கு ஏறும்.

"புள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். அம்மா வீட்ல இருக்காங்கல்ல. நாங்களும் ஆடுவோம், சிரிப்போம். உங்க தாத்தா மட்டும் வாசல்ல நின்னு வானத்தப் பாத்துக்கிட்டே இருப்பாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாரு."

சொல்லிக்கொண்டே இன்னொரு பசுவை எடுத்துவிட்டார். சம்பள நாள் முடிந்து திடலில் திரை கட்டிப் படம் போடும்போது மழை வந்த கதையும் சொன்னார். பாதிப் படத்தில் எல்லாரும் பாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்களாம். அந்தப் படத்தின் முடிவு அவருக்கு இன்றுவரை தெரியாது. எந்தப் படம் என்று கேட்டேன். பெயரும் மறந்துவிட்டது.

மூன்று ஆட்டத்திலும் மகன் தோற்றான். கிழங்கு தீர்ந்தது. மழை நின்றதை யாரும் கவனிக்கவில்லை. தகரம் சத்தம் போடாமல் இருக்கிறதே என்று கணவர்தான் தூக்கத்திலிருந்து எழுந்து கேட்டார். இருட்டிவிட்டிருந்தது. விடுதிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து அத்தை வீட்டிலேயே படுத்தோம்.

ஞாயிறு காலை தூறலோடு கிளம்பினோம். வழியில் ஜெண்டராட்டா தோட்டம். 1906இல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்காரர் ரப்பரில் தொடங்கியது, இப்போது செம்பனை. பழக்குலையை ஆலைக்குக் கொண்டுபோக அங்கே சின்ன ரயில் ஓடுகிறது. அதையாவது மகனுக்குக் காட்டலாம் என்று வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன், கண்ணில் படவில்லை. தூறலில் ஆட்கள் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். செம்பனைக்கு மழை அவ்வளவாகத் தடை இல்லை. வெட்டிய பழம் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தரை வழுக்கும், அவ்வளவுதான்.

கிளம்பும்போது அத்தை மகனுடைய சட்டைப்பையில் ஐந்து கொட்டை போட்டிருந்தார். போட்டதோடு நிற்காமல், அதைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து அடுத்தவர் கையில் வைத்தால் எப்படிச் சுடும் என்பதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. காரில் சிமெண்டுத் தரை இல்லை, ஆனால் காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு இருந்தது. சபாக் பெர்ணம் தாண்டுவதற்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் இரண்டு முறை "ஆ" என்று கத்திவிட்டார்.