நட்சத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் தாத்தாவின் தம்பி இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்தார் என்பது லயத்தில், அதாவது எங்கள் தோட்டக் குடியிருப்பில், எல்லோருக்கும் தெரியும். எந்தப் படை, எந்த இடம், எந்தத் தேதி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. இப்போது மூன்றும் கையில் இருக்கின்றன. இரண்டு வருடம் பிடித்தது, அதில் ஒன்றரை வருடம் வீண். இதே தேடலில் இறங்கும் மலையகக் குடும்பங்களாவது அந்த ஒன்றரை வருடத்தை மிச்சம் பிடிக்கட்டும்.

பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் என்பதால் சிலோன் லைட் இன்பன்ட்ரி என்ற இலங்கைக் காலாட்படையில்தான் இருந்திருப்பார் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். "கண்டியில்தான் அடக்கம் பண்ணினாங்க" என்று வயதான பெரியம்மா ஒருவர் வேறு சொன்னார். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தது, அதனால் இதுவும் பொருத்தமாகவே பட்டது. ஹட்டனிலிருந்து பஸ் பிடித்துப் போய், கண்டி யுத்த மயானத்தில் ஒரு கல் விடாமல் வாசித்தோம். பெயர் இல்லை. அந்த மயானத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) எதுவும் மிஞ்சவில்லை. 1975இல் அரசு எடுத்து, 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறியதில் கோப்புகள் எங்கெங்கோ போய்விட்டன.

பிறப்புப் பதிவைத் தேடிப் போன ஒரு கந்தோரில்தான் நொந்துபோனோம். "நம்பர் இல்லாமல் தேட ஏலாது" என்று அங்கிருந்த கிளாக்கர் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். அது சரியில்லை. பிறப்புச் சான்றிதழ் கேட்கும் பி 63 படிவத்தில் பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும், பிறந்த காலத்தைக் குறித்துக் கொடுத்துத் தேடும்படி கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். இன்னொன்று, தோட்டத்தில் நடந்த பிறப்பைத் தோட்டத்துரைதான் (தோட்ட நிர்வாகி) மாவட்டப் பதிவாளருக்கு அறிவிப்பார். ஆகவே ஊர்ப் பதிவாளரிடம் அலையாமல், பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவுக்கு நேரே போங்கள். நான்காவது தடவை அங்கே போனோம், கிடைத்தது. அதில் தகப்பன் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

வழியைத் திருப்பிவிட்டது தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் நகல். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் போட்டது. ட்ரங்குப் பெட்டியின் அடியில் நான்காக மடிந்து கிடந்தது. மடிப்பில் கிழிந்து, பூச்சி அரித்து, ஊர்ப் பெயரில் பாதி போய்விட்டது. மிஞ்சிய பாதியில் முசிறி என்று வாசிக்க முடிந்தது, தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளிப் பக்கம். தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால், வெளியே போய்வந்த காலமும் அதில் இருந்தது: 1939 ஜூனில் ஊருக்குப் போய் ஜூலையில் திரும்பியிருக்கிறார். கூடப் போன தம்பி அங்கேயே தங்கிவிட்டார். 1939 ஆகஸ்டு 1ஆம் தேதி, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்தியா தடைசெய்தது. அப்படியானால் அவர் சேர்ந்தது இந்திய இராணுவம். இலங்கைப் படைகளில் தேடியது அத்தனையும் பிழை.

ஆணைக்குழுவின் தளத்தில் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். கருப்பையா என்று ஒரு பெயர் என்றால் நடுவில் ஒற்றைப் பி, இரட்டைப் பி, கடைசியில் எச் உள்ளது, இல்லாதது என்று பல வடிவங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் சேர்க்க வேண்டாம். "இந்தியப் படை" என்று வடிகட்டி, கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊரைப் போடுங்கள், அதுவும் அந்தக் காலத்துப் பெயரில். திருச்சிராப்பள்ளி என்று போட்டால் வராது, ட்ரிச்சினாப்பொலி என்று போட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஒரே பெயரில் நான்கு பேர் நின்றார்கள். பிரித்தறியப் படை இலக்கம் வேண்டும்.

அந்த இலக்கம் அவ்வளவு நாளும் எங்கள் உறவுக்காரர் வீட்டிலேயே இருந்திருக்கிறது! மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் போய்க் கூடலூரில் குடியேறிய சித்தப்பா வீட்டில் ஒரு பர்மா நட்சத்திரம், அதாவது பர்மா போர்முனைக்கான பதக்கம், இருப்பது தெரியும். வாட்ஸப்பில் படமும் வந்தது, ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றும் முன்பக்கம். பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் இருக்காது என்று எங்கேயோ வாசித்ததால் நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றின் பின்பக்கத்தில் இலக்கம், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். "சித்தப்பா, கொஞ்சம் திருப்பிப் பிடிங்க" என்றோம். பச்சைக் களிம்புக்கு நடுவே இலக்கம் வரிசையாக நின்றது, பக்கத்தில் மெட்ராஸ் சேப்பர்ஸ் (இந்திய இராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு) என்பதன் சுருக்கம். அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். துடைக்கிறேன் என்று புளியோ பிராசோவோ போட்டுவிட வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தாலே போதும்.

இலக்கத்தைப் போட்டதும் நான்கு பேரில் ஒருவர் மிஞ்சினார். நினைவிடம்: மியன்மாரில் டாக்கியன் தகன நினைவகம். கல்லறையைத் தேடிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் உறைத்தது. இந்து, சீக்கிய வீரர்கள் பலரைத் தகனம் செய்தார்கள். அவர்களுக்குத் தனிக் கல் கிடையாது, பெயர் மட்டும் பொறித்திருக்கும். கோஹிமா தகன நினைவகத்தில் மட்டும் 917 பேர். உடல் கிடைக்காதவர்கள் என்றால் ரங்கூன் நினைவகத்தில் பாருங்கள், அதுவும் டாக்கியனில்தான் இருக்கிறது, ஏறக்குறைய 27,000 பெயர்கள்.

இறந்த தேதி கிடைத்ததால் திதி பார்த்தாகிவிட்டது. ஆனால் ஆணைக்குழுவின் பதிவேட்டில் அவருடைய தகப்பன் பெயர் இரண்டு எழுத்துப் பிழையோடு இருக்கிறது. திருத்தம் கேட்கலாம், வாய்ச்சொல்லை ஏற்கமாட்டார்கள், அந்தக் காலத்துப் பத்திரம் வேண்டும். பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமை விண்ணப்பம், நட்சத்திரத்தின் பின்பக்கப் படம் மூன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். படை ஆவணத்துக்குப் பெங்களூரிலுள்ள மெட்ராஸ் சேப்பர்ஸ் நிலையத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, இலக்கத்தை முதல் வரியிலேயே போட்டிருக்கிறோம்.