கே.பி.எஸ். நோட்டு: ஏழு மாதத்தில் எதுவரை வந்திருக்கிறேன்

போன ஆடிக் கிருத்திகை அன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கத்துத் தெருக் கோயிலின் குழாய் ஒலிபெருக்கியில் ‘பழம் நீயப்பா’ ஓட ஆரம்பித்தது. தூக்கம் கலைந்த எரிச்சலில் படுத்துக் கிடந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் குரலை நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், ஆனால் கே.பி.சுந்தராம்பாள் நடித்த படங்களைச் சொல் என்றால் மூன்றுக்கு மேல் எனக்குத் தெரியாது. மொத்தமே ஒரு டஜனை ஒட்டித்தான் வரும். சரி, வெளியான வரிசையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். ஆண்டு, படம், வேடம், பாட்டு, கதாநாயகனுக்கு இவர் என்ன உறவு. கடைசிக் கட்டத்தை விளையாட்டாகத்தான் போட்டேன்.

முதல் வரியிலேயே சறுக்கல். ‘பக்த நந்தனார்’, 1935. ஒரு மாதம் தேடியும் படம் கைக்கு வரவில்லை. பழைய புத்தகக் கடைகளில் பாட்டுப் புத்தகமாவது கிடைக்குமா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. கிடைத்ததெல்லாம் படத்தைப் பற்றிய கதைகள்தான். சம்பளம் 1 லட்சம் ரூபாய். பெரிய தொகையாகக் கேட்டால் ஆளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தே அவர் அப்படிக் கேட்டார், அவர்களோ சரி என்று சொல்லிவிட்டார்கள் என்பார்கள். நந்தனாரை வேலை வாங்கும் வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இவருக்கு என்ன வேடம்? நந்தனாரேதான். ஆண் வேடம். கடைசிக் கட்டத்தில் ‘கதாநாயகனே இவர்தான்’ என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வரி ‘மணிமேகலை’, 1940. அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கதை தெரியுமே, இளவரசன் விரும்பி வந்தும் மசியாத துறவி. எழுதிக்கொண்டேன். அதற்கு அடுத்தது 1953, ‘அவ்வையார்’. சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நட்சத்திரமாக இருந்த ஒருவர் தன் நாற்பத்தைந்து வயதுக்குள் நடித்த மூன்று படத்திலும் ஒரு ஜோடிகூட இல்லை.

இதற்குக் காரணம் பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் மேலோட்டமாகத் தெரியும். ஆனால் நோட்டில் வரிசையாகப் பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. அதனால் சினிமாவை அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு வாரம் நாடகப் பக்கம் போனேன்.

பிறந்தது 1908, கொடுமுடி. இனிஷியலில் உள்ள ‘கே’ கொடுமுடி, ‘பி’ அம்மா பாலாம்பாள். வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய குழந்தை. நாடகத்துக்கு வந்ததும் நல்லதங்காளின் பிள்ளையாக ‘பசிக்குதே வயிறு பசிக்குதே’ என்று பாடியிருக்கிறார். அதற்குப் பெரிய நடிப்பு தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். அப்புறம் ஸ்பெஷல் நாடகம். அதில் ஒத்திகை என்று பெரிதாக எதுவும் கிடையாது. தனித்தனியாக ஒப்பந்தமாகி வந்த நடிகர்கள் மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கம் நிஜமாகவே இரண்டு குரல்களின் போட்டியாக ஆகிவிடும். 1926இல் இலங்கையில் அப்படித்தான் நாடகப் பாடகர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறினார். அடுத்த ஆண்டு கல்யாணம். 1933 டிசம்பர் 2இல் கிட்டப்பா இறந்துவிட்டார். இவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. நகையைக் கழற்றி வெள்ளைப் புடவைக்கு மாறியவர், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதைக் கடைசி வரைக்கும் காப்பாற்றினார்.

இதைத் தெரிந்துகொண்டு ‘அவ்வையார்’ பார்த்த ராத்திரி வேறு மாதிரி இருந்தது. ஜெமினி படம், எஸ்.எஸ்.வாசன் செலவுக்கு அஞ்சாமல் எடுத்தது, இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. கோட்டையை யானைக் கூட்டம் வந்து இடிக்கும் காட்சியைப் பற்றித்தான் எல்லாரும் சொல்வார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது வேறு இடம். கல்யாண ஏற்பாடு நடக்கும்போது இளம் அவ்வை பிள்ளையார் முன்னால் நின்று இந்த இளமையை எடுத்துக்கொள் என்று அழுகிறாள். இளம் அவ்வை குசலகுமாரி. வேண்டுதல் பலித்து இளமை போனதும் திரையில் நிற்பது கே.பி.எஸ். இதை அப்போது வேடப் பொருத்தம் என்று மட்டும்தான் எழுதினேன். ஐந்து மாதம் கழித்து 1973இன் ‘காரைக்கால் அம்மையார்’ பார்த்தபோது நோட்டைப் பின்னால் புரட்ட வேண்டியதாகிவிட்டது. அங்கே இளம் புனிதவதி லட்சுமி. அழகு வேண்டாம் என்று உதறிய பிறகு வருவது மறுபடியும் கே.பி.எஸ். இருபது வருஷ இடைவெளியில் அதே கைமாற்றம்.

நடுவில் ஒரு கிறுக்கு வேலையும் நடந்தது. அவர் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாடுகிறார் என்று நானே கண்டுபிடிக்கலாம் என்று அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து ஹார்மோனியத்தை இறக்கினேன். ‘திருவிளையாடல்’ படத்தின் இரண்டு பிரதிகள் என்னிடம் இருந்தன. ஒன்றில் ஒரு சுருதி, இன்னொன்றில் கொஞ்சம் மேலே. ஹார்மோனியம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பழுதுபார்க்கக் கொடுத்து, காசும் பத்து நாளும் வீண். அப்புறம்தான் படம் ஓடும் நேரத்தைக் கவனித்தேன். ஒரு பிரதி ஆறு நிமிஷத்துக்கு மேல் குட்டை, ஆனால் காட்சி எதுவும் வெட்டப்படவில்லை. நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓட வேண்டிய படத்தை வீடியோவுக்கு மாற்றும்போது 25 என்று ஓட்டிவிட்டால் வேகம் 4 சதவீதம் கூடும், குரலும் அதோடு ஏறும். அரைக்கட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பழைய இசைத்தட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று என்று பேர், பதிவு செய்த வேகம் எல்லாத் தட்டிலும் சரியாக 78 இல்லை. ஆகவே கட்டைக் கணக்கை நோட்டிலிருந்து அடித்துவிட்டேன். இணையத்தில் யாராவது அடித்துச் சொன்னால், எந்தப் பிரதியை வைத்து என்று கேளுங்கள்.

ஆனால் அந்தப் பத்து நாளும் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். கூடவே பாடிப் பார்த்தேன். என் குரல் ஒன்றரைக் கட்டை, ஒரு ஸ்தாயி இறக்கியும் மூச்சு முட்டுகிறது. அவர் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது குரல் மெலிவதே இல்லை, அசைவில்லாமல் நேராக நிற்கிறது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது. எவ்வளவு மேலே போனாலும் சொல் உடைவதில்லை. ழகரத்தை அந்த உயரத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஞானப்பழத்தைப் பிழிந்தது போதும் என்று வீட்டில் உத்தரவு வந்ததும் ஹார்மோனியம் மறுபடி பரணுக்குப் போனது.

மற்ற படங்கள் வேகமாக ஓடின. 1964 ‘பூம்புகார்’ கவுந்தி அடிகள், என் கணக்கில் அவர் மிகச் சிறப்பாக நடித்தது இதில்தான். நெற்றி நிறைய விபூதி பூசும் முருக பக்தை சமணத் துறவியாக வருகிறார். ‘வாழ்க்கை என்னும் ஓடம்’ பாட்டில் பாதி நேரம் முகத்தில் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் பிடிக்கிறது. 1965 ‘திருவிளையாடல்’ படத்தில் அவர் கொஞ்ச நேரம்தான் வருகிறார் என்று நினைத்திருந்தேன். நேரம் கொஞ்சம்தான், ஆனால் கோபித்துக்கொண்ட முருகனை முதலில் சமாதானம் செய்யப் பார்ப்பது அவ்வைதான், பார்வதி வந்து சிவன் கதைகளைச் சொல்வது அதற்குப் பிறகு. 1967 ‘கந்தன் கருணை’யில் மறுபடி அவ்வை. 1969 ‘துணைவன்’ படத்துக்காகப் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது வந்தது, அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. படம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 1973 ‘திருமலை தெய்வம்’ படத்துக்கு ‘ஏழுமலை இருக்க’ பாட்டு ஒன்று போதும்.

அரசியல் பக்கத்துக்கு நோட்டில் கட்டமே இல்லை. அதனால் ஓரத்தில் பென்சிலில்: சத்தியமூர்த்தி சொல்லிக் காங்கிரஸ் மேடைகளில் பாடியது, சட்ட மேலவை உறுப்பினர் ஆனது.

மார்கழியில் ஒரு நாள் ஈரோட்டிலிருந்து பாசஞ்சரில் கொடுமுடி போய்வந்தேன். மகுடேசுவரர் கோயில், பின்னால் காவிரி, ஊருக்குள் அவர் கட்டிய தியேட்டர். புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும்போது பெட்டியில் ஒரு சிறுமி பாடிக் காசு கேட்டு வந்தாள். புதுப்படப் பாட்டுதான். நான் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்றைய நிலவரம்: பார்த்தது ஒன்பது. ‘உயிர் மேல் ஆசை’யும் ‘ஞாயிறும் திங்களும்’ படமும் இன்னும் பாக்கி. கடைசிக் கட்டத்தில் தாய், துறவி, பாட்டி, பக்தை என்று எழுதியிருக்கிறேன், ‘மனைவி’ என்று இதுவரை ஒரு வரிகூட இல்லை. 1935க்கும் 1940க்கும் எதிரே பாட்டுக் கட்டம் காலி. சேலத்தில் ஒருவரிடம் ‘மணிமேகலை’ பாட்டுப் புத்தகம் அட்டையில்லாமல் இருக்கிறதாம். விற்க மனமில்லை என்றார். உட்கார்ந்து கையால் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.