ஏழு அங்குல இசைத்தட்டும் கையால் ஒட்டிய உறையும்

வாஷிங்டனின் பங்க் ராக் இசை என்றால் மைனர் த்ரெட் குழுவின் வேகத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். 1980 முதல் 1983 வரைதான் அந்தக் குழு இருந்தது. தட்டு வெளியிடும் வேலையில் இருப்பவர்கள் அவர்களிடம் பார்க்க வேண்டியது இன்னொன்று: அத்தனையையும் தாங்களே செய்த விதம்.

மைனர் த்ரெட்டின் இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் முன்பு டீன் ஐடில்ஸ் குழுவில் இருந்தவர்கள். அது கலைந்தபோது நிகழ்ச்சிகளில் சேர்ந்திருந்த சுமார் 600 டாலரைப் பங்கு போடாமல் 1000 தட்டுகள் அச்சடித்தார்கள். டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. வேறொரு தட்டின் உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்து, தாளைக் கத்தரித்து மடித்து ஒட்டினார்கள்.

1981இல் வந்த மைனர் த்ரெட்டின் முதல் தட்டில் 8 பாட்டு, பக்கத்துக்கு 4. பக்கம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும் ஏழு அங்குலத் தட்டுக்கு இது அருமையான அளவு. ஆறு நிமிடத்தைத் தாண்டினால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி அளவு இறங்கும், கிட்டாரின் அடி அழுத்தமாக விழாது. பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, நடுவிலேயே வையுங்கள். இடம் வலமாகப் பிரிந்தால் ஊசி குதிக்கும். ‘ஸ்’ ஒலி அதிகமுள்ள பாட்டைப் பக்கத்தின் கடைசியில் போடாதீர்கள். நடுவை நெருங்க நெருங்கக் கரகரக்கும்.

தொழிற்சாலையிலிருந்து சோதனைத் தட்டுகள் வந்ததும் எல்லாவற்றையும் முழுதாகக் கேளுங்கள். ஒரு ‘டிக்’ எல்லாத் தட்டிலும் அதே இடத்தில் வந்தால் கோளாறு தட்டை அழுத்தும் அச்சில். வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் அது அந்தத் தட்டின் தூசியோ கீறலோதான். சுருதி அலைபாய்ந்தால் துளை மையம் விலகியிருக்கிறது.

உறைதான் பொறுமையைச் சோதிக்கும். தாளின் நார் ஓடும் திசையிலேயே முதுகு மடிப்பு வர வேண்டும். குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறும். மழுங்கிய முனையால் முதலில் கோடு அழுத்திக்கொள்ளுங்கள். மடிப்பில் அடர்ந்த கறுப்பு மை வந்தால் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், அதனால் வடிவமைக்கும்போதே அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது. ஒட்டும் மடல் ஒன்றரை சென்டிமீட்டர் போதும். வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசினால் தாள் அலையாக நெளியும். உள்ளே கசிந்த பசையில், தட்டைப் போட்டு வைக்கும் உள்ளுறையும் ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு கனமான பலகைக்கு அடியில் காயவிட்ட பிறகே தட்டை உள்ளே வையுங்கள். அவசரப்பட்டால் முதல் கட்டே வீண்.

தபாலில் அனுப்பும்போது தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வையுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் விழும் ஒவ்வோர் அடிக்கும் தட்டின் விளிம்பு உங்கள் ஒட்டைப் பிளந்துவிடும்.