நவம்பர்: காலம் தாழ்ந்து வந்த தேதிகள்

நவம்பர் 2, 2024, சனிக்கிழமை. சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

தீபாவளி முடிந்து இரண்டு நாளாகியும் தெருவில் வெடிக்காகிதம் கிடக்கிறது. இன்று தமிழ் வகுப்பில் வழக்கம்போல இம்மாதத்தின் உலக நிகழ்வுகளைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். முதல் வரி நம் அண்டைத் தீவினுடையது. 1834-ஆம் ஆண்டு இதே நாளில் கல்கத்தாவிலிருந்து சென்ற 'அட்லஸ்' கப்பல் 36 ஒப்பந்தத் தொழிலாளர்களை மொரீசியசில் இறக்கியது. அந்நாள் அங்கே இன்றும் பொது விடுமுறை.

பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "ஆன்ட்டி, எல்லாம் ஏன் நவம்பரிலேயே நடந்திருக்கிறது?" என்று கேட்டான். எந்த மாதத்தை எடுத்தாலும் பலகை நிரம்பத்தான் செய்யும் என்றேன். ஆனால் ஒரு நிகழ்ச்சி நடந்த தேதியும் அது மனிதர்களை வந்தடைந்த தேதியும் ஒன்றாக இருப்பது அரிது என்பதை இந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை. ஆகவே இம்முறை பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்புறம் நடந்த நாளையும் வலப்புறம் வந்து சேர்ந்த நாளையும் எழுதுவதென்று முடிவு செய்தோம்.

நவம்பர் 6, புதன்கிழமை.

அமெரிக்கத் தேர்தல் முடிவு இன்று மதியச் சாப்பாடு ஆறுவதற்குள் வானொலியில் வந்துவிட்டது. 1860-இல் ஆபிரகாம் லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஒரு நவம்பர் 6 அன்றுதான். அந்நேரம், அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் இந்துமாக்கடலின் நடுவே இருந்தது. அடிமை முறையின் பெயரால் ஒரு நாடு பிளக்கத் தொடங்கிய அதே வாரத்தில், அடிமைகள் விடுவிக்கப்பட்ட காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்கென வகுக்கப்பட்ட ஒப்பந்தக் கூலி முறை என்னும் புதிய ஏற்பாடு முதன்முறையாக, எங்கள் டர்பன் அடங்கிய நேட்டாலை நோக்கி மிதந்து வந்தது. கப்பலில் இருந்த ஒருவருக்கும் அந்தத் தேர்தல் தெரிந்திருக்க வழியில்லை.

இதே நாளில், 1913-இல், காந்தியின் தலைமையில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நேட்டாலின் சார்ல்ஸ்டவுனிலிருந்து எல்லையைக் கடந்து பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலுக்குள் நடந்தனர். அனுமதியின்றி எல்லை தாண்டுவதே குற்றம். அக்குற்றத்தைச் செய்து சிறை புகுவதே நோக்கம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 3 பவுன் (60 ஷில்லிங்) தலைவரிதான் நடந்தவர்களில் பெரும்பாலோரான நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கிளப்பியது. ட்ரூரோவில் வந்தவர்களுக்கு முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங் என்பதை நினைத்தால், அந்த வரி ஆறு மாத உழைப்புக்குச் சமம். இந்த நடைக்குச் சில வாரங்கள் முன்பு, சுரங்க ஊரான நியூகாசிலுக்குச் சென்று அத்தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இணங்கவைத்தவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காந்தியைத் தெரிகிறது, இவர்களைத் தெரியவில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

அந்த நடையில் ஒருவருக்கு ஒரு நாளைய உணவு ஒன்றரைப் பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும். நேற்றிரவு அடுக்களைத் தராசில் ஓர் அவுன்ஸ் சர்க்கரையை நிறுத்துப் பார்த்தேன். உள்ளங்கைக் குழிவில் அடங்கிவிட்டது. இந்த நடையின்போது ஒரு குழந்தை குளிரில் இறந்தது. இன்னொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி நீரில் மூழ்கியது. தாய்மார்கள் நடையை நிறுத்தவில்லை. வரி நீங்கியது 1914-இல்தான். வலப்புறத்தில் அந்த ஆண்டை எழுதினேன்.

நவம்பர் 7, வியாழக்கிழமை.

ரஷ்யப் புரட்சியைப் பற்றி ஒரு வரி போதும். 1917-இல் நடந்த 'அக்டோபர்' புரட்சி நவம்பரில் கொண்டாடப்படுவதற்குக் காரணம், ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதுதான். அவர்களுடைய அக்டோபர் 25 மற்றவர்களுக்கு நவம்பர் 7.

நவம்பர் 9, சனிக்கிழமை.

இன்று பெர்லின் சுவர். 1989-இல் இதே நாள் மாலை, கிழக்கு ஜெர்மனியின் கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர்கள் முன்னிலையில் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பயண விதிகள் தளர்வதாக அறிவித்தார். எப்போதிலிருந்து என்று கேட்கப்பட்டபோது, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். விதி மறுநாள்தான் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. தொலைக்காட்சியில் கேட்ட மக்கள் சோதனைச் சாவடிகளில் குவிய, மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு வராத நிலையில், போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி அதிகாரி இரவு பதினொன்றரை மணியளவில் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் பலகையில் வலப்புறத் தேதி இடப்புறத்தை முந்திக்கொண்ட ஒரே வரி இதுதான். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

நவம்பர் 11, திங்கட்கிழமை.

1913-இல் இதே நாளில் நேட்டாலின் டண்டீ நீதிமன்றம் காந்திக்கு ஒன்பது மாதச் சிறை விதித்தது. ஐந்தாண்டு கழித்து, 1918-இல், பிரான்சின் கோம்பியேன் காட்டில் ரயில் பெட்டி ஒன்றில் விடியுமுன் முதல் உலகப் போரின் போர்நிறுத்தம் கையெழுத்தாகி, முற்பகல் 11 மணிக்கு நடைமுறைக்கு வந்தது. இடையில் கிடந்த அந்தச் சில மணி நேரத்திலும் ஆட்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் கண்டத்துக்கு அந்தச் செய்தி அன்று வந்து சேரவில்லை. கிழக்காப்பிரிக்காவில் நான்காண்டாகப் போரிட்டுவந்த ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக், பிடிபட்ட பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தூதன் ஒருவனிடம் இருந்த கடிதத்திலிருந்தே போர் முடிந்ததை அறிந்தார். அவர் படை இன்றைய சாம்பியாவில் அபர்கார்ன் என்னுமிடத்தில் ஆயுதங்களை ஒப்படைத்தது நவம்பர் 25 அன்று.

இந்நாளில் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் இரண்டு நிமிட மௌனம் கேப்டவுனிலிருந்து சென்றது என்பதைக் குழந்தைகள் நம்ப மறுத்தார்கள். 1918 மே மாதம் முதல் அந்நகரில் நண்பகல் பீரங்கி முழங்கியதும் தெருவே அசையாது நின்றது. அதற்கு ஏற்பாடு செய்த மேயர் அதற்கு முந்தைய மாதந்தான் தம் மகனைப் போரில் இழந்திருந்தார். 1917-இல் மகனைப் பறிகொடுத்த தென்னாப்பிரிக்க எழுத்தாளர் பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக் அந்த வழக்கத்தை லண்டனுக்கு எடுத்துச்சொல்ல, 1919-இல் பிரிட்டிஷ் மன்னர் அதை ஏற்றார்.

நவம்பர் 16, சனிக்கிழமை.

ட்ரூரோ டர்பனை அடைந்த நாள். வாடி வதங்கிய உருவங்களை எதிர்பார்த்து வேடிக்கை பார்க்க வந்த ஊரார், நகையும் நிறச்சேலையுமாகச் சிரித்துப் பேசியபடி இறங்கியவர்களைக் கண்டு வியந்ததை அக்காலச் செய்தித்தாள் எழுதியிருக்கிறது. பின்னால் வந்த ஒரு கப்பலில் வந்தவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. கப்பல் பட்டியலின் நகலை இன்று வகுப்பில் சுற்றுக்கு விட்டேன்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம். கவுண்டரைக் கோவெண்டராக்கிய எழுத்தர்களின் கைவண்ணத்தை அதில் காணலாம்.

பலகையில் இதே தேதிக்கு இன்னொரு வரி இருந்தது. 1989 நவம்பர் 16 அன்று, பெர்லின் சுவர் திறந்து ஒரு வாரத்தில், அதிபர் டி கிளர்க், அதுவரை இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த எங்கள் நாட்டின் கடற்கரைகள் எல்லா இனத்தாருக்கும் உரியவை என்று அறிவித்தார். ட்ரூரோ வந்து 129 ஆண்டுகள் கழித்து, அதே நாளில்.

வலப்புறம் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்த அறிவிப்பை நாங்கள் அன்றிரவே கேட்டோம். ஆனால் அடுத்த ஈஸ்டருக்கு, பிரியாணிச் சட்டியும் பாயுமாக நாங்கள் கடற்கரைக்குப் போனபோது, அம்மா எங்கும் நிற்காமல் பழையபடி எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த மணலுக்கே நடந்தார். "இந்தப் பக்கமும் உட்காரலாம் அம்மா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "ஆயா இங்கேதான் உட்காருவாங்க" என்று சொல்லிப் பாயை விரித்தார். 1992 வரை அங்கேதான் உட்கார்ந்தோம். அந்த ஆண்டையே எழுதச் சொன்னேன்.